ஐந்தாம் வகுப்பு வளர்த்த குண்டப்பா

அசோகன் காலையில் வகுப்பறைக் கதவைத் திறந்தபோது வருகைப் பதிவேடு மேசையோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

இழுத்துப் பார்த்தான். மேல் அட்டை மட்டும் கையோடு வந்தது. மீதிப் பதிவேடு, ஹார்லிக்ஸ் பாட்டிலிலிருந்து வழிந்து இறங்கியிருந்த மாவுக்கு அடியில் இருந்தது. பாட்டிலின் மூடியைக் காணோம். அது ஜன்னலோரப் பெஞ்சுக்கு அடியில் கிடந்தது.

"சார், குண்டப்பா மூடியைத் துப்பிட்டான்!" என்று லாயிட் கூவினான்.

ஐந்தாம் வகுப்பு முழுவதும் கைதட்டியது. அசோகனும் சிரித்து வைத்தான். பிறகு, பதிவேட்டைப் பற்றித் தலைமையாசிரியைக்கு என்ன பதில் சொல்வது என்று யோசித்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுனில் இருந்த அந்தப் பள்ளியில் அவன் தற்காலிக ஆசிரியர். மாலையில் ஆசிரியர் பயிற்சி வகுப்புக்குப் போய்க்கொண்டே பகலில் பாடம் நடத்தினான். தசரா விடுமுறைக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை பள்ளியின் தாளாளர் வந்து அவனுடைய மாதிரிப் பாடத்தைப் பார்ப்பார். பிடித்துவிட்டால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் பீன்யா. அங்கே அவன் அண்ணன் உமேஷ் வேலை செய்த தொழிற்சாலையில் ஸ்டோர்ஸுக்கு ஆள் தேவைப்பட்டது. அண்ணன் ஏற்கெனவே சொல்லி வைத்துவிட்டான். போல்ட்டையும் நட்டையும் எண்ணுவது மட்டமான வேலை என்று அசோகன் நினைக்கவில்லை. அவனுக்குப் பிள்ளைகளை எண்ணத்தான் பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

மாதிரிப் பாடத்துக்கு அவன் எடுத்துக்கொண்டது ப்ரெட். மதிய இடைவேளை முடிந்ததும் வகுப்புக் குப்பைத்தொட்டி ப்ரெட்டின் பழுப்பு ஓரங்களால் நிறைந்திருக்கும். அம்மாக்கள் வெட்டாமல் விட்டதைப் பிள்ளைகள் பிய்த்துப் போட்டுவிடுவார்கள். ஒருநாள் அவன் அந்தத் தொட்டியையே மேசைமேல் தூக்கி வைத்துக் கதை சொன்னான். எகிப்தில் யாரோ பிசைந்த மாவை மறந்துபோய் வைத்துவிட்டது. மறுநாள் அது உப்பிக் கிடந்தது. எறிய மனசில்லாமல் சுட்டுப் பார்த்தது. அன்றிலிருந்து பழைய மாவில் ஒரு கை எடுத்து வைத்து, அதைக்கொண்டே புது மாவைப் பொங்க வைத்தது. கோவாவில் கள்ளை ஊற்றிப் பொங்க வைத்தது. பிறகு சிப்பாய்களோடு ரொட்டி இந்த ஊர் கன்டோன்மென்ட்டுக்கு வந்து சேர்ந்தது.

"இவ்வளவு தூரம் நடந்து வந்த ஒண்ணோட ஓரத்தைப் பிச்சுத் தொட்டியில போடலாமா?" என்று முடித்தான்.

பிள்ளைகள் உருகிவிட்டார்கள். மறுநாளிலிருந்து தொட்டி காலி. லாயிட் மற்றவர்களின் ஓரங்களையும் கேட்டு வாங்கித் தின்றான்.

அதன்பிறகுதான் மாவும் தண்ணீரும் கலந்த பாட்டில் வந்தது. தினமும் ஒரு பிள்ளை ஒரு ஸ்பூன் மாவு போட்டுக் கலக்கும். தலைமையாசிரியை பியாட்ரிஸ் மிஸ் பாடத்திட்டத்தைப் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவனைப் பார்த்தார்.

"மிஸ்டர் அசோகன், இது பொங்கலேன்னா என்ன பண்ணுவீங்க?"

மாவு சில நாட்கள் அசையவே இல்லை. பள்ளி விட்ட பிறகும் அவன் பாட்டிலுக்கு எதிரே கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தான். அப்புறம் அது பொங்க ஆரம்பித்தது. பிள்ளைகள் குண்டப்பா என்று பெயர் வைத்தார்கள். பெயர் வைக்க விட்டது தன் தவறோ என்று அசோகனுக்கு இப்போது தோன்றியது. ஏனென்றால், பாதி மாவை வழித்துச் செய்தித்தாளில் சுற்றிக் குப்பைத்தொட்டியை நோக்கி அவன் நடந்தபோது லாயிட் ஓடிவந்து தொட்டியை மறித்துக்கொண்டான்.

"சார்," என்றான் லாயிட். "குண்டப்பாவக் குப்பையில போடப் போறீங்களா?"

"பாதியத்தான் லாயிட்."

"எந்தப் பாதி சார்? தலையா, காலா?"

பின் பெஞ்சில் ஒரு பெண் விசும்ப ஆரம்பித்தாள்.

"சாப்பாட்ட வேஸ்ட் பண்ணக்கூடாதுன்னு நீங்கதானே சார் சொன்னீங்க," என்றாள் முதல் பெஞ்சு ஆஞ்சலா.

அசோகன் நின்றுவிட்டான். தொட்டியில் போட்டால் இதுவரை நடத்திய பாடம் போச்சு. போடாவிட்டால் மாவு போகாது. யோசித்து, மாவை ஆஞ்சலாவின் காலி டிபன் டப்பாவில் போட்டான்.

"வீட்டுக்கு எடுத்துட்டுப் போம்மா. அம்மாகிட்டக் குடுத்து தோசை சுடச் சொல்லு."

திரும்பினால், வாசலில் பியாட்ரிஸ் மிஸ் நின்றுகொண்டிருந்தார். அசோகன் பதிவேட்டின் அட்டையை முதுகுக்குப் பின்னால் மறைத்தான்.

"அது எப்படி இருக்கு மிஸ்டர் அசோகன்?"

"நல்லா இருக்கு மிஸ்."

"எவ்வளவு வந்திருக்கு?"

"கொஞ்சம்தான் மிஸ். பெரிசா ஒண்ணும் இல்ல."

பியாட்ரிஸ் மிஸ் பாதி காலியாகியிருந்த பாட்டிலைப் பார்த்தார். பிறகு அவனைப் பார்த்தார்.

"ம்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அந்த 'ம்' அன்று முழுக்க அசோகனின் காதை விட்டுப் போகவில்லை. அவனுக்கு முன்னால் இருந்த தற்காலிக ஆசிரியருக்கும் இதே 'ம்'தான் கிடைத்ததாம். அவர் இப்போது ஆனேக்கல் பக்கம் கோழிப்பண்ணை நடத்துகிறார்.

மறுநாள் காலையில் பாட்டில் மறுபடி நிறைந்து வழிந்தது. அசோகன் பாதியை எடுத்து இரண்டு பிள்ளைகளிடம் கொடுத்தனுப்பினான். அடுத்த காலையில் முன்னைவிட அதிகமாக இருந்தது. மாவை ஒரு பிளாஸ்டிக் பக்கெட்டுக்கு மாற்றினான். பாட்டிலில் இடம் போதாததால்தான் வழிகிறது, இடம் கொடுத்தால் அடங்கிவிடும் என்று நினைத்தான். குண்டப்பா கிடைத்த இடத்தை எல்லாம் எடுத்துக்கொண்டான். தினமும் இன்னும் சில டிபன் டப்பாக்கள் கனத்து வீடு திரும்பின.

அந்த வாரமே ஆஞ்சலாவின் அம்மா பவுலின் கையில் ஒரு தூக்குப் பாத்திரத்தோடு பள்ளிக்கு வந்துவிட்டாள்.

"இன்னா சார் இது, மாவா, கைக்கொழந்தையா?" என்று ஆரம்பித்தாள். "காலையில ஊட்டணுமாம், சாயந்தரம் ஊட்டணுமாம், வெயில்ல வெக்கக்கூடாதாம். எங்க வீட்டு மனுசனுக்கே நான் இவ்ளோ பாக்கறதில்ல."

"தோசை சுட்டுடச் சொன்னேனே மேடம்?"

"சுட்டேன் சார். சுடறதுக்கு முன்னாடி ஒரு கை எடுத்து வெக்கணும், எகிப்துல அப்பிடித்தான் செய்வாங்கன்னு இவ ஒரே அழுகை. அந்த ஒரு கை மறுநாள் பாத்திரம் ரொம்பி நிக்குது. திரும்பச் சுட்டேன். திரும்ப ஒரு கை. எங்க வீட்ல சோறு ஆக்கி எத்தன நாள் ஆச்சு தெரியுமா?"

அசோகனுக்கு அவள்மேல் உண்மையாகவே இரக்கம் வந்தது. அந்த இரக்கத்தில்தான் அடுத்த தவறைச் செய்தான்.

"மேடம், ஒண்ணு பண்ணுங்க. பாதிய அக்கம்பக்கத்துல குடுத்துடுங்க."

"என்னான்னு சொல்லிக் குடுக்கறது? சும்மா மாவு குடுத்தா, பவுலினுக்கு என்னாச்சுன்னு கேக்க மாட்டாங்களா?"

"இத எறியக்கூடாது, பங்கு போட்டு ரெண்டு வீட்டுக்குக் குடுக்கணும், வாங்கினவங்களும் அதே மாதிரி குடுக்கணும்னு சொல்லுங்க. செவ்வாய்க்கிழமை வரைக்கும்தான். அதோட முடிஞ்சுடும்."

பவுலினின் முகம் மாறியது. அந்தத் தெருக்களில், கதவிடுக்கு வழியாக அடிக்கடி துண்டுக் காகிதங்கள் வந்து விழும். இந்த ஜெபத்தை நகலெடுத்து இத்தனை வீட்டுக்குக் கொடுக்கவும், சங்கிலியை அறுக்கக்கூடாது என்று எழுதியிருக்கும். பவுலின் அப்படி வந்த எதையும் அறுத்ததில்லை.

இதுவரை விரலில் தொங்கவிட்டிருந்த தூக்கை அவள் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"இத முன்னாலயே சொல்லக்கூடாதா சார்? எந்தப் புனிதருக்கு?"

"புனிதரா? இல்ல மேடம், இது எகிப்துல..."

"திருக்குடும்பமே எகிப்துக்குத்தானே சார் ஓடிச்சு!" பவுலினின் கண் கலங்கியது. "செவ்வாக்கிழமைன்னா அப்போ அந்தோணியார்தான். அவருக்குத்தானே செவ்வாக்கிழமை ரொட்டி குடுக்கறோம். நீங்க நம்ம ஆளு இல்ல, உங்களுக்குத் தெரியாது. நான் பாத்துக்கறேன், போங்க."

அவன் வாயைத் திறப்பதற்குள் அவள் கேட்டைத் தாண்டிவிட்டாள்.

சனிக்கிழமை மாலை வகுப்பு முடிந்து அவன் மர்ஃபி டவுன் வீட்டுக்கு வந்தபோது அடுப்பு மேடையில் ஒரு எவர்சில்வர் கிண்ணம் மூடி வைக்கப்பட்டிருந்தது. திறந்து பார்த்தான். குண்டப்பாவின் வாசனையை அவனால் எங்கே இருந்தாலும் கண்டுபிடித்துவிட முடியும்.

"இது எங்கேருந்தும்மா?"

"பின்தெரு அம்மா குடுத்தாங்க," என்றாள் அவன் அம்மா. "அந்தோணியார் மாவாம். எறியக்கூடாதாம். நாம ரெண்டு வீட்டுக்குக் குடுக்கணுமாம்."

அப்பா கோவிந்தப்பா நாற்காலியில் இருந்தபடியே குரல் கொடுத்தார். "நம்ம வீட்ல மாட்டியிருக்கறது புத்தர் படம். ஆசையையே வளக்காதேன்னவரு, மாவ வளக்கச் சொல்வாரா?"

"அதுக்குன்னு எறிய முடியுமா?" என்றாள் அம்மா. "சாப்பாட்டுப் பொருளு."

அண்ணன் உமேஷ் புளித்த தோசையைத் தண்ணீர் குடித்து விழுங்கிக்கொண்டிருந்தான். "டேய் அசோகா, பீன்யாவுக்கு வந்துடுடா. அங்க எல்லாம் இரும்பு. சாயந்தரம் பெட்டியில எவ்ளோ வெக்கறியோ, காலையில அவ்ளோதான் இருக்கும். இப்பிடி ஏமாத்தாது. ஸ்டோர்ஸ் சார்கிட்ட தசரா முடிஞ்சதும் வர்றான்னு சொல்லிட்டேன்."

"செவ்வாய்க்கிழமை பாடம் இருக்குண்ணா."

"அது முடிஞ்சு, தசராவும் முடிஞ்சதும் சிவாஜிநகர்ல பஸ் ஏறு, போதும்."

அசோகன் கிண்ணத்தைத் திரும்ப மூடி வைத்தான்.

அவன் எதையும் முறையாகச் செய்கிறவன். மாவு ஏன் இப்படிப் பொங்குகிறது என்று அந்த வாரம் முழுக்க முறையாகக் கண்டுபிடிக்க முயன்றிருந்தான். வகுப்பு மாவு டின்னை அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டான். பிள்ளைகள் ஸ்பூன் மாவு போடுவதையும் நிறுத்தினான். குண்டப்பா விரதம் இருக்கிறான் என்று அவர்களிடம் சொன்னான். பள்ளி விடும்போது பக்கெட்டின் அடியில் ஒரு கை மாவுதான் மிச்சம் இருக்கும். காலையில் வந்தால் பக்கெட் கழுத்துவரை நுரைத்துக்கொண்டு நிற்கும். டின்னைத் திறந்து பார்த்தால் மாவு வைத்த இடத்தில் வைத்தபடி இருக்கும்.

நூலகப் புத்தகத்தை மறுபடி படித்தான். உணவில்லாவிட்டால் மாவு பொங்காது என்று அதில் இருந்தது. புத்தகம் எழுதியவர் இங்கிலாந்துக்காரர். பெங்களூர்க் காற்றைப் பற்றி அவருக்கு என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டான். பிறகு, தனக்குத்தான் என்ன தெரியும் என்றும் நினைத்தான்.

ஆயா முத்தம்மா பெருக்க வந்தபோது கேட்டான்.

"ஸ்கூல் விட்டப்பறம் பசங்க யாராச்சும் இந்த ரூமுக்குள்ள வராங்களா முத்தம்மா?"

"எந்தப் பசங்க சார் வரும்? மணி அடிச்சதும் கேட்ட ஒடச்சிக்கினு ஓடுதுங்க. நான் பெருக்கிப் பூட்டி, சாவிய ஆபீஸ்ல மாட்டிட்டுத்தான் போறேன்."

"ஒருத்தரும் வரல?"

"ஒரு பசங்களும் வரல சார்." முத்தம்மா குனிந்து வேகமாகப் பெருக்கினாள்.

திங்கட்கிழமை காலையிலும் அவன் வந்த டப்பாக்களில் எல்லாம் மாவை நிரப்பி, பக்கெட்டின் அடியில் கொஞ்சம் மட்டும் விட்டான். இடைவேளையில் பியாட்ரிஸ் மிஸ் மறுபடி வந்தார். பக்கெட்டுக்குள் எட்டிப் பார்த்தார்.

"இவ்வளவு பெரிய பக்கெட்ல இவ்வளவுதானா?"

"இதுவே அதிகம் மிஸ்," என்று அசோகன் அவசரமாகச் சொன்னான்.

"நாளைக்கு வர்றவர் லேசுப்பட்டவர் இல்ல மிஸ்டர் அசோகன். இந்த இடத்துக்கு அவர் மனசுல வேற ஒருத்தர் இருக்கார். நாளைக்கு ஒரு தப்பும் நடக்கக்கூடாது."

"நடக்காது மிஸ். இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள எல்லாத்தையும் ஒழிச்சுக் கட்டிடறேன்."

பியாட்ரிஸ் மிஸ் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஏதோ சொல்ல வந்து, சொல்லாமல், "ம்" என்றார். இந்த முறை அது இன்னும் நீளமாக இருந்தது.

அசோகனின் திட்டம் எளியது. பள்ளிக்கு அடுத்த முனையில் ரெமிஜியஸின் பேக்கரி இருந்தது. எல்லா வீட்டு மாவையும் மதியமே அங்கே கொண்டுவரச் சொல்லியிருந்தான். மொத்தத்தையும் ரொட்டியாகச் சுட்டுவிட்டால் ஒரு துளியும் வீணாகாது. பவுலின் ஆசைப்பட்டபடி செவ்வாய்க்கிழமை கோயில் வாசலில் கொடுத்துவிடலாம். வகுப்பு பக்கெட்டில் மாதிரிப் பாடத்துக்கு ஒரு கை மாவு மட்டும் வைத்துக்கொள்வது. ரெமிஜியஸ், "ஒரு டப்பா மாவுதானே சார், கொண்டாங்க" என்று ஒப்புக்கொண்டிருந்தார்.

மதியம் பேக்கரி வாசலில் வரிசை திரும்பித் தெருவுக்குள் போனது. தூக்கு, குக்கர், எண்ணெய் டின், கல்யாண அண்டா, ஒரு குழந்தையைக் குளிப்பாட்டும் தொட்டி. தெரியாத முகங்கள் எல்லாம் பயபக்தியோடு மாவு ஏந்தி நின்றன. சங்கிலியை அறுக்கப் பயந்து எல்லாரும் நன்றாக ஊட்டி வளர்த்திருந்தார்கள்.

"சார்," என்றார் ரெமிஜியஸ். "நீங்க சொன்னது ஒரு டப்பா. இது தேர்த் திருவிழா."

"கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க சார்."

"அட்ஜஸ்ட் நான் பண்ணிக்குவேன். அடுப்பு பண்ணிக்கணுமே?"

பவுலின் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடிவந்தாள். "சார், அந்தோணியார் கண்ணத் தொறந்துட்டார்! தொலஞ்சுபோன என் கம்மல் கெடச்சிடுச்சு!"

"நல்லது மேடம். எங்க கெடச்சுது?"

"மாவுக்குள்ள!"

"எப்போ தொலைஞ்சுது?"

"மாவு பெசையறப்போ."

வரிசையில் இருந்தவர்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள். அதுவரை சும்மா வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த நாலு பேர், தங்களுக்கும் கொஞ்சம் மாவு கிடைக்குமா என்று கேட்டார்கள். "இல்ல, முடிஞ்சுது, இதோட முடிஞ்சுது" என்று அசோகன் அண்டாவுக்கும் கூட்டத்துக்கும் நடுவில் கையை விரித்துக்கொண்டு நின்றான். ரெமிஜியஸ் தட்டுத் தட்டாக அடுப்பில் தள்ளினார். வந்த ரொட்டி கனமாக, புளிப்பாக இருந்தது. ஒன்றைத் தட்டிப் பார்த்து, "வீடு கட்டலாம்" என்றார். பிய்த்துத் தின்று பார்த்துவிட்டு இன்னொரு துண்டு பிய்த்தார்.

பொழுது சாய்வதற்குள் கடைசி அண்டாவும் காலியானது. அசோகன் வகுப்புக்குப் போய், பக்கெட்டின் அடியில் இருந்த ஒரு கை மாவைப் பார்த்தான். மூடிமேல் ஒரு செங்கல்லையும் வைத்தான். பல நாட்களுக்குப் பிறகு அன்று விசிலடித்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தான்.

செவ்வாய்க்கிழமை தாளாளர் அனந்தபத்மநாபன் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார். ரயில்வேயில் பெரிய பதவியில் இருந்து ஓய்வுபெற்றவர். சீக்கிரம் வருவதுதான் சரியான நேரத்துக்கு வருவது என்று நம்புகிறவர். பிரார்த்தனை முடிந்து அசோகன் பிள்ளைகளை வரிசையில் அழைத்துக்கொண்டு வந்தபோது, அவர் ஏற்கெனவே ஐந்தாம் வகுப்பில், மேசையை ஒட்டிப் போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பெரிய மனிதர்கள் உட்காரும் நாற்காலிக்கு முத்தம்மா எப்போதும் வெள்ளைத் துண்டு விரிப்பாள். இன்று விரித்ததாக அசோகனுக்கு நினைவில்லை. ஆனால் தாளாளருக்கு அடியிலிருந்து வெள்ளையாக ஏதோ எட்டிப் பார்த்தது.

"குட் மார்னிங்," என்றார் தாளாளர். "நாற்காலி நல்லா மெத்துன்னு இருக்கே, மிஸ் பியாட்ரிஸ். பரவாயில்ல, வசதி பண்ணியிருக்கீங்க."

வாசலில் நின்றிருந்த பியாட்ரிஸ் மிஸ் புன்னகைக்க முயன்றார்.

அசோகன் மேசையைப் பார்த்தான். செங்கல் தரையில் கிடந்தது. பக்கெட்டின் மூடி ஒரு பக்கமாகச் சாய்ந்து தொங்கியது. குண்டப்பா பக்கெட்டிலிருந்து எழுந்து, மேசையைக் கடந்து, விளிம்பில் சற்றே தயங்கி, நாற்காலியில் இறங்கியிருந்தான்.

"சார்," என்று அசோகன் மெல்லிய குரலில் சொன்னான், "தயவுசெஞ்சு எழுந்திருக்காதீங்க."

அதைக் கேட்டதும் தாளாளர் எழுந்துவிட்டார். நாற்காலியும் பாதி தூரம் கூடவே எழுந்தது. பிறகு மனம் மாறிக் கீழே விழுந்தது. அவருடைய சஃபாரி உடையின் பின்புறத்திலிருந்து நாற்காலிவரை மாவு இழை இழையாக நீண்டது.

தாளாளர் கையைப் பின்னால் கொண்டுபோய் ஒரு பிடி மாவை வழித்தார். அதைப் பார்த்தார். உதறுவதற்குக் கையை ஓங்கினார்.

"சார், கீழ போடாதீங்க!" லாயிட் பெஞ்சின்மேல் ஏறி நின்று கத்தினான். "சாப்பாட்ட வேஸ்ட் பண்ணக்கூடாது!"

ஓங்கிய கை அப்படியே நின்றது.

அதற்குள் வகுப்பே எழுந்துவிட்டது. டிபன் டப்பாக்கள் திறந்தன. ஸ்பூன்களோடு பிள்ளைகள் தாளாளரைச் சூழ்ந்துகொண்டு, ரயில்வேயில் யாரும் அவரிடம் காட்டியிராத கவனத்தோடு, அவருடைய பின்புறத்தைச் சுரண்டினார்கள். "அசையாதீங்க சார்," என்று ஆஞ்சலா கண்டிப்பாகச் சொன்னாள். "துணியில ஒட்டின மாவைச் சாப்பிடக்கூடாது, செடிக்குப் போடலாம். மேல இருக்கறது நல்ல மாவு."

அசோகன் கண்ணை மூடிக்கொண்டான். கண்ணுக்குள் பீன்யா தெரிந்தது. பெட்டி பெட்டியாக நட்டுகள், வைத்தபடி அசையாமல்.

"இந்த மாவு என்னம்மா?" தாளாளரின் குரல் கேட்டது.

ஆஞ்சலா சுரண்டியபடியே எகிப்திலிருந்து ஆரம்பித்தாள். அவள் விட்ட இடத்தில் இன்னொருத்தி கோவாவைப் பிடித்துக்கொண்டாள். ஒருவன் கன்டோன்மென்ட் சிப்பாய்களைக் கொண்டுவந்தான். பழைய மாவிலிருந்து புது மாவு எப்படி வரும் என்று மூன்று பேர் ஒரே சமயத்தில் சொன்னார்கள்.

"நீ ப்ரெட்டோட ஓரத்தை என்ன பண்ணுவே?" தாளாளர் லாயிட்டைக் கேட்டார்.

"தின்னுடுவேன் சார்."

"இவன் எங்களோடதையும் தின்னுடுவான் சார்," என்றது வகுப்பு.

தாளாளர் மெல்ல, மாவு இழைகள் தொடர, மூலையில் இருந்த குப்பைத்தொட்டிவரை நடந்துபோய் எட்டிப் பார்த்தார். பென்சில் சீவிய தூள் மட்டும் இருந்தது. வேறொன்றும் சொல்லாமல் வெளியே போய்விட்டார். பியாட்ரிஸ் மிஸ் அவர் பின்னால் ஓடினார்.

அசோகன் பிள்ளைகளை உட்கார வைத்துக் கணக்கு போடச் சொன்னான். தன் புத்தகங்களைப் பைக்குள் அடுக்கினான். குடையையும் எடுத்து வைத்தான். ஆபீஸிலிருந்து அழைப்பு வந்தபோது பையோடுதான் போனான்.

தாளாளர் ஆபீஸ் ஜன்னல் திரையை வேட்டிபோல் இடுப்பில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கொல்லைப்புறத்தில் முத்தம்மா பேன்ட்டை அடித்துத் துவைக்கும் சத்தம் கேட்டது.

"எல்லா கிளாஸ் தொட்டியையும் பாத்துட்டு வந்தேன்," என்றார். "திரையக் கட்டிக்கிட்டே பாத்தேன். மத்ததெல்லாம் ரொம்பி வழியுது. உன்னோடது மட்டும் காலி."

அசோகன் பையைக் கீழே வைத்தான்.

"நான் வேற ஒருத்தரை வெச்சிருந்தேன். அவர் பாடம் நடத்தினா பசங்க கேப்பாங்க. என் பேன்ட்டச் சுரண்ட மாட்டாங்க." நிரந்தர வேலைக்கான உத்தரவில் கையெழுத்திட்டு அவன் பக்கம் தள்ளினார். "ஆமா, அந்த மாவு தானாவா அவ்வளவு பொங்கிச்சு?"

"தானாத்தான் சார். நான் ஒண்ணுமே போடல."

பியாட்ரிஸ் மிஸ் திரையில்லாத ஜன்னல் வழியாக வெளியே எதையோ கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். "வாழ்த்துகள், மிஸ்டர் அசோகன்," என்று திரும்பாமலே சொன்னார்.

சாயங்காலம் பிள்ளைகள் போன பிறகு அசோகனும் முத்தம்மாவும் நாற்காலியைச் சுரண்டினார்கள். அவன் பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். உத்தரவு உள்ளே இருந்தது.

"எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது முத்தம்மா. ஆனா ஒண்ணு மட்டும் எனக்குப் புரியவே இல்ல. தினமும் மாவ ஒரு கைக்குக் கொறச்சு வெச்சிட்டுப் போறேன். ஒரு பொட்டு மாவு போடறதில்ல. பெரிய மிஸ் வேற 'ம்'முன்னு மொறைக்கறாங்களேன்னு பயந்து பயந்து கொறைக்கறேன். காலையில பாத்தா பக்கெட் ரொம்பி நிக்குது. எப்படி?"

முத்தம்மா வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

"நான் சொன்னேன்னு சொல்லாதீங்க சார். தெனமும் நீங்க போனதும் பெரிய மிஸ்தான் வருவாங்க. 'இன்னிக்கும் மாவு பாதியா எறங்கிப் போச்சே முத்தம்மா, பொங்கலேன்னா இந்தப் பையன் வேல போயிடுமே'ன்னு கண்ணத் தொடச்சிக்கினு, வீட்லேந்து கொண்டாந்த மைதாவ எல்லாம் அதுல கொட்டிக் கலக்கிட்டுப் போவாங்க."